அரண்மனைக்கு முதல் பத்திரிகை

மருதாங்கோட்டையில் கல்யாணமோ காதுகுத்தோ, முதல் பத்திரிகை அரண்மனைக்குத்தான், இரண்டாவதுதான் சாமிக்கு; சாமி பொறுத்துக்கொள்ளும், அரண்மனை பொறுத்துக்கொள்ளாது என்று எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே யாரோ முடிவு செய்து வைத்துவிட்டார்கள், ராஜாவும் போய், ராஜாவின் குதிரையும் போய், குதிரை கட்டிய லாயத்தில் ரேஷன் கடை வந்த பிறகும் அந்த முடிவை மாற்ற எவனுக்கும் தோன்றவில்லை. ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே பத்திரிகை. பெரிய வாசல்படியில் வைத்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான் சடங்கு. உள்ளேயிருந்து யாரும் வந்து வாங்குவது கிடையாது. பழத்தை ஆடு தின்றுவிட்டுப் போகும், பத்திரிகை காற்றில் எங்கேயாவது கிடக்கும், வைத்தாயிற்று என்ற திருப்தியோடு நாங்களும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்தப் பத்திரிகையை அச்சடிப்பவன் நான்தான். பெயர் கோமதிநாயகம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அச்சகம். ஊருக்குக் கொடுக்கிற பத்திரிகையெல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணி சிவகாசிக்கு அனுப்பி வாங்கினாலும், அரண்மனைக்கு வைக்கிற அந்த ஒரே ஒரு பத்திரிகையை மட்டும் மூலையில் கிடக்கும் பழைய மிதி மெஷினில், மஞ்சள் அட்டை போட்டு, தலையில் அரண்மனையின் இரட்டை மயில் முத்திரை வைத்து, நானே மிதித்து அடிப்பேன். அந்த முத்திரைக் கட்டை என் அப்பாவுக்கு அரண்மனையிலிருந்து கொடுத்தது, ஜில்லாவிலேயே வேறு யாரிடமும் கிடையாது. அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, இல்லை என்று சொன்னால் சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்கிற கதைதான்.

அப்படி எழுபது வருஷம் பத்திரிகை வாங்கிக்கொண்டே இருந்த அரண்மனை, ஒரு ஆவணி முகூர்த்தத்தில், மாவு மில் சங்கரபாண்டி மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டது.

விடிந்தும் விடியாமலும் மேளக்காரர்கள் மண்டபத்துக்கு வந்து இறங்கும்போது, மண்டபத்துக்கு எதிரே இருந்த வெற்று மனையில் அரண்மனை நின்றுகொண்டிருந்தது, மாடத்துப் புறாக்களோடு, மேல்தளத்து ஆலங்கன்றோடு, இடப்பக்கம் அடுத்த வீட்டு மதில் இடிக்காதபடி கொஞ்சம் தோளைக் குறுக்கிக்கொண்டு. சங்கரபாண்டி வந்து பார்த்தான், வேட்டியை இறக்கிவிட்டான், "வந்துட்டாக, பன்னீர்ச் செம்பை எடுத்துட்டு வாங்கலே" என்றான். ஒவ்வொரு தூணுக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் பூசி வரவேற்றார்கள். அவன் பெண்டாட்டிக்கு வேறு கவலை, இவ்வளவு பெரிதாக வந்திருக்கிறதே, பந்தியில் எத்தனை இலை போடுவது என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு முழு வாழையிலையை வாசல்படியில் விரித்துப் பாயசம் வரைக்கும் வரிசையாகப் பரிமாறினார்கள்.

ராணியம்மாவைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்ததுதான் எங்கள் எல்லாருடைய குற்றமும். கடைசி ராஜாவின் ஒரே மகள், வடிவு நாச்சியார், சின்ன வயதிலேயே புருஷன் தவறிப்போய்த் திரும்பி வந்து, அரண்மனையின் பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு அடுப்பங்கரையுமாக நாற்பது வருஷமாய் இருந்துகொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில் பால் வாங்க ஜன்னலைத் திறந்தவர் எதிரே வாழைமரத் தோரணத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய், வீடு ஒரு விசேஷத்துக்கு வந்திருக்கும்போது வீட்டுக்காரி அடுப்படியில் உட்கார்ந்திருப்பது அழகில்லை என்று, பெட்டியில் கிடந்த அரக்குப் பட்டை எடுத்து உடுத்தி, முட்டு வலியோடு படியிறங்கி வந்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அட்சதை போட்டார். நான் அங்கே இருந்தேன், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிற்பகல் பந்தல் பிரிக்கிற நேரத்தில் பார்த்தால் மனை காலியாகக் கிடந்தது, அரண்மனை தன் இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் எங்கள் ஊரைப் பிடிக்க முடியுமா? அரண்மனை வராத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது. வேறு ஊர் அச்சகத்தில் அடித்து வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. இரட்டை மயில் முத்திரை விழுந்த மஞ்சள் அட்டைக்குத்தான் அது கிளம்பியது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் என்றால் எந்தப் பத்திரிகை முந்தி வந்ததோ அந்த வீட்டுக்குப் போனது, ஆகவே முந்துவதற்காக ஜனங்கள் மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்னாலேயே, மணமகன் பெயர் வருகிற இடத்தைப் புள்ளி வைத்து விட்டுவிட்டு, பத்திரிகை அடித்து அரண்மனை வாசலில் வைக்க ஆரம்பித்தார்கள், நானும் அடித்துக் கொடுத்தேன். பால்காரர் பால்துரை சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி, இன்னைக்கு அரண்மனை எங்க?" என்று கேட்டுக்கொண்டு போய் ராணியம்மாவுக்குப் பால் ஊற்றினார். தபால்காரரும் என்னிடம்தான் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் என்னிடம்தான் கேட்டார். முகூர்த்தப் பட்டியலை எழுதிக் கடை வாசலிலேயே தொங்கவிட்டேன்.

அரண்மனைக்குப் போக வர ஒரு சேதாரம் இருந்தது. முதலில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்தது, அப்புறம் ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடி, அப்புறம் மேல்தளத்துக் கைப்பிடிச் சுவர், அப்புறம் ஒரு தை மாதத்தில் மட்டும் மூன்று தூண்கள். விழுந்ததை எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா, அரண்மனைக் கல் வீட்டில் இருந்தால் விசேஷம் என்று ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். என் வீட்டிலும் ஒன்று இருந்தது. அரண்மனை பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போயிற்று, புதுமனை புகுவிழாவுக்குப் போயிற்று, பேரூராட்சித் தலைவர் பொதுக் கழிப்பறை திறக்கிறேன் என்று மஞ்சள் அட்டை அடிக்கச் சொன்னார், அதற்கும் போயிற்று; அன்றைக்கும் ராணியம்மா அரக்குப் பட்டோடுதான் இறங்கி வந்தார், ரிப்பன் வெட்டுகிற வரைக்கும் வெயிலில் நின்றார், கையில் கொடுத்த சால்வையை வாங்கிக்கொண்டு "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் ஒருத்தனுக்காவது உறைத்திருக்க வேண்டும். யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், குடையைப் பிடித்துக்கொண்டு ராணியம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார். நான் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"நாயகம், நேத்து அடுப்பங்கரை போச்சுவே" என்றார், ஏதோ பஸ் போய்விட்டது மாதிரி.

"எங்கம்மா?"

"செல்போன் கடை திறப்பு விழாவுக்குப் போன இடத்துல. வீட்டுக்கிட்ட நானும் சொல்லிப் பாத்தேன், போகாத, வயசாயிட்டு, காரை நிக்கமாட்டேங்குன்னு. கேக்காது. முத்திரை போட்டு மரியாதையாக் கூப்பிட்டா போயிரணும், அது வளந்த வளப்பு அப்படி. எங்க அப்பாவும் அப்படித்தான், காய்ச்சலோட போயிக் கூப்பிட்ட வீட்டுல ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுத்தான் வருவாக." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்போ மிச்சம் இருக்கது முன்வாசலும் ஒரு கூடமும் நான் படுக்கிற அறையும்தான். அதுவும் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் கிடையாது. உமக்குத் தெரியும்லா?"

"தெரியும்மா."

"நீரு அடிக்காம இருந்தா அது இருக்கும்."

மிதி மெஷின் மேல் கையை வைத்து, இனி என் ஆயுசுக்கும் அரண்மனைக்கு ஒரு அட்டை அடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

எட்டு மாதம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர் என்னைச் சும்மா விடவில்லை. தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், வேலையைத் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள், சங்கரபாண்டி என் கடை வாசலில் நின்றே, "அவன் மக கல்யாணம் வரட்டும், அன்னைக்குப் பாப்போம் இவன் யோக்கியதையை" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். அரண்மனை அதன் இடத்திலேயே நின்றது. பால்துரை ஒரே வாசலில் பால் ஊற்றினார். ராணியம்மா ஆள் வைத்து விரிசலுக்கெல்லாம் சிமெண்ட் பூசினார், ஒருநாள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு எனக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் என் மகள் உலகேஸ்வரிக்கு இடம் அமைந்தது. தூத்துக்குடி, மாப்பிள்ளைக்கு ஹார்பரில் வேலை, கல்யாணமும் அங்கேதான் என்று பேச்சு. எல்லாம் பேசி முடித்து வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் சம்பந்தி சிரித்துக்கொண்டே, "உங்க ஊர் கல்யாணத்துக்கு அரண்மனையே வரும்னு சொல்லுதாங்களே, நம்ம கல்யாணத்துக்கும் வரும்லா?" என்று கேட்டார். வராது, சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். "அதுக்கென்ன, வைக்க வேண்டிய முறைக்கு வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "என்னத்தைச் சொல்லிட்டு வந்திருக்கீக? அந்த அம்மாகிட்ட என்ன வாக்கு கொடுத்தீக?"

"தூத்துக்குடி எங்க கிடக்கு, நம்ம ஊர் எங்க கிடக்கு. அவ்வளவு தூரம் அது வராது. பத்திரிகை வச்ச மரியாதை நமக்கு, வராத நிம்மதி அவுகளுக்கு" என்றேன்.

நம்மில் யார்தான் அப்படிப் பத்திரிகை வைக்கவில்லை? பம்பாய் மாமாவுக்கும் சிங்கப்பூர் மச்சானுக்கும், வரமாட்டார்கள் என்று தெரிந்துதானே, வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே, குடும்பத்தோடு முன்கூட்டியே வந்திருந்து என்று இரண்டு பக்கமும் மஞ்சள் தடவி அனுப்புகிறோம். ஊர் முழுக்க வைத்துவிட்டு ராணியம்மாவுக்கு வைக்காமல் விட்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று கூட எனக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். நேரே போய், "அம்மா, வாய்வார்த்தையா அழைக்குதேன், மனசார வாழ்த்துங்க, போதும்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, கால் இருந்தது. போகவில்லை. மஞ்சள் அட்டையை மெஷினில் போட்டு மிதித்தேன், இரட்டை மயில் நன்றாகவே விழுந்தது. முட்டு வலிக்கு ஊசி போட அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழமை பார்த்து, தாம்பாளத்தை வாசல்படியில் வைத்துவிட்டு, திருடன் மாதிரி திரும்பி வந்தேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் பால்துரை வந்து, "அண்ணாச்சி, அரண்மனை இடத்துல இல்லையே, எங்க விசேஷம்?" என்று கேட்டார். "பக்கத்துல எங்கயாவது போயிருக்கும்" என்றேன். முத்திரைக் கட்டை என்னிடம் இருக்கும்போது, என்னைத் தவிர யார் கூப்பிட்டு அது போயிருக்க முடியும் என்று அவர் கேட்கவில்லை. பாலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அப்போதே ஒரு காரை எடுத்துக்கொண்டு ரோட்டோடு போயிருந்தால் ஆலங்குளத்துக்கு இப்பாலேயே பார்த்திருப்பேன், காலில் விழுந்தாவது திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். பந்தல்காரன் வந்து நிற்கிறான், நகைக்குப் போகவேண்டும், அண்டா குண்டான் ஏற்றவேண்டும் என்று எனக்கு நானே ஆயிரம் வேலை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடி மண்டபத்தில் தாலி கட்டி முடித்து, மேளம் தணிந்து, ஜனங்கள் முதல் பந்திக்கு எழுந்திருக்கிற நேரத்தில், மண்டபத்து வாசலில் இன்னொரு வாசல் வந்து நின்றது. தேக்கு நிலையும், பித்தளைக் குமிழ் அடித்த ஒற்றைக் கதவும், அவ்வளவுதான். மேலே மாடி இல்லை, பின்னால் சுவர் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் ரோடும் ரோட்டில் போகிற உப்பு லாரிகளும் தெரிந்தன. அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு ராணியம்மா நின்றார். பட்டுப்புடவை முழங்கால் வரைக்கும் செம்மண், ஒரு காலில் மட்டும் செருப்பு, கையில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

நான் ஓடினேன். "அம்மா" என்றேன்.

"நேரமாயிட்டோ?" என்றார் அவர். "வர வேண்டிய நேரத்துக்கு வந்திரணும்னு அதுவும் நடந்துச்சுவே, பாவம். வீடு கிளம்பிட்டா வீட்டுக்காரி கூட வரணும்லா, நானும் நடந்தேன். ஆலங்குளம் தாண்டையில மேல்தளம் விழுந்துட்டு. திருநெல்வேலி பைபாஸ்ல கூடம். வல்லநாட்டு மேட்டுல ஏறுதப்போ என் அறை போச்சு, கட்டிலோட. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, வாசலாவது போய்ச் சேந்திரணும்னு அது நினைச்சிருக்கும்."

அவர் குரலில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், செருப்பைக் கழற்றியிருந்தால், அதை வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாய் அழுதிருப்பேன். அவர் மேடைக்குப் போனார். முட்டு மடங்கவில்லை, என் மகள்தான் இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். பொட்டலத்தைப் பிரித்தார், உள்ளே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதை உலகேஸ்வரியின் கையில் வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, "சொந்த வீட்டுல தீர்க்காயுசா இரு தாயி" என்று வாழ்த்தினார். மகள் காலில் விழுந்து எழுந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஜனங்கள் அதற்குள் அந்த வாசலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதன் வழியாக உள்ளே போய் வெளியே வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அரண்மனைன்னு சொன்னீங்க, வாசல்தானே வந்திருக்கு" என்றார், குறையாகச் சொல்லவில்லை, கேட்டு வைத்துக்கொண்டார். ராணியம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறிய எதையும் ஒதுக்காமல் நிதானமாகச் சாப்பிட்டு, கூப்பிட்ட வீட்டின் மனம் கோணாதபடி இலையை உள்பக்கமாக மடக்கினார். கை கழுவிவிட்டு வரும்போது பார்த்தார். அந்த நிலையும் கதவும் பொடிப்பொடியாய் உதிர்ந்து, கூட்டம் மிதித்து, பித்தளைக் குமிழ்களைக் கூட யாரோ பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார், மிதிக்கவில்லை.

வந்தவர்களை வழியனுப்புகிற நேரம் வந்தது. பெண்ணைப் பெற்றவன் மண்டபத்து வாசலில் தாம்பூலப் பையோடு நிற்கவேண்டும், வந்தவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லவேண்டும், பெற்றவன் "நல்லது, போயிட்டு வாங்க" என்று சொல்லவேண்டும். நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன் அன்றைக்கு. ராணியம்மா வந்து நின்றார், நான் பையைக் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை, சும்மா தலையை மட்டும் அசைத்தார். பதிலுக்கு என் வார்த்தையும் வரவில்லை. பின்னால் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இருங்கம்மா, நம்ம வேன்ல கொண்டு விடச் சொல்லுதேன்" என்றேன்.

கூப்பிட்ட வீட்டில் கொடுக்கிற எதையும் மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. மெதுவாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, "அம்மாவை எங்க அண்ணாச்சி விடணும்?" என்று கேட்டான்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ராணியம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்.